சீட்டாட்டக் காசு வேறு, சேமிப்புக் காசு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதம் 5,000 ரூபாய் வரை ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தில் செலவழித்துவந்த வாசகர் ஒருவர், செயலிகள் நின்றுபோன பிறகு அதே பணத்தைப் பங்குச் சந்தையில் போடலாமா என்று உங்கள் வணிகப் பக்கத்தில் கேட்டிருந்தார். சூதாட்டத்தைவிட முதலீடு மேல் என்று இரண்டே வரியில் பதில் தந்திருந்தீர்கள். பதில் சரிதான், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. பங்குச் சந்தை என்ற ஒரே வாசலுக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் கம்பெனிப் பங்குகளை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். மற்றதில், குறிப்பிட்ட நாளுக்குள் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் ஆப்ஷன் ஒப்பந்தங்களை, அவை முடியும் எக்ஸ்பைரி நாளைப் பார்த்து வாரா வாரம் வாங்கி விற்கிறார்கள். போக்கர் மேசையிலிருந்து எழுந்து வருகிறவரின் கால் தானாக இரண்டாவது அறைக்குத்தான் போகும். அங்கே போனால் அவர் விட்டுவந்த மேசையைவிட மோசமான மேசையில் உட்காருவார். அவருக்காகவும் அவர் வீட்டாருக்காகவும்தான் இந்த நீண்ட கடிதம்.

முதலில் போக்கரின் கணக்கு. அது திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு பழையது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் செல்லும் என்று சொன்ன சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, 2023 நவம்பரில் அவற்றை மட்டும் தடையிலிருந்து விடுவித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தப் பேதத்தையே பார்க்கவில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் தண்டனை இல்லை என்பதை நம்பி வெளிநாட்டுத் தளங்களில் பணம் கட்டுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அங்கே போட்ட காசைத் திருப்பிக் கேட்க இந்தியாவில் ஒரு இடமும் கிடையாது. ஜெயித்த பணம் முகம் தெரியாத யாரோ ஒருவரின் யுபிஐ கணக்கிலிருந்து வந்து விழும். அது மோசடிப் பணமாக இருந்து சைபர் கிரைம் புகாரில் சிக்கினால், உங்கள் சம்பளக் கணக்கும் சேர்ந்து முடக்கப்படும்.

திறமை ஆட்டம் என்றால் வருமானம் தரும் ஆட்டம் என்று அர்த்தமில்லை. திறமை எங்கே இருக்கிறது என்பதை ஒரு கையை, அதாவது ஒரு சுற்று ஆட்டத்தை, வைத்தே பார்க்கலாம். உங்கள் கையில் ஆட்டீன் ஏஸும் ஆட்டீன் ஏழும் இருக்கின்றன. நடுவில் விரித்த நான்கு சீட்டில் இரண்டு ஆட்டீன். இன்னும் ஒரே சீட்டு வர வேண்டும். அது ஆட்டீனாக இருந்தால் ஃபிளஷ் (ஒரே ஜாதிச் சீட்டு ஐந்து); பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், உங்களுடையது. பார்க்காத சீட்டு 46, அதில் ஆட்டீன் 9. ஐந்து முறைக்கு ஒரு முறை கூட முழுதாக வராது; சரியாகச் சொன்னால் 19.6 சதவீதம். பாட்டில் 1,000 ரூபாய் கிடக்கிறது, எதிராளி 500 வைக்கிறார். 1,500 ரூபாயைப் பிடிக்க நீங்கள் 500 போட வேண்டும். நஷ்டமில்லாமல் போடுவதற்கு 25 சதவீத வாய்ப்பாவது வேண்டும். உங்களிடம் இருப்பதோ 19.6. ஆகவே ஃபோல்டு, அதாவது சீட்டைக் கீழே போட்டு விலகுவது. "ஏஸ் கையில் இருக்கிறதே" என்று ஒவ்வொரு முறையும் கால் செய்தால், அதாவது எதிராளி வைத்ததற்கு ஈடாகப் பணம் போட்டால், சராசரியாக ஒவ்வொரு காலுக்கும் சுமார் 109 ரூபாய் போகும். எதிராளி 500க்குப் பதில் 200 வைத்திருந்தால் 14.3 சதவீதம் போதும். அப்போது கால் செய்வதுதான் சரி. இந்தக் கணக்கைக் களைப்பிலும் கோபத்திலும் விடாமல் செய்கிறவர்தான் நல்ல ஆட்டக்காரர்.

அப்படிப்பட்ட ஒருவர் எவ்வளவு சம்பாதிப்பார்? ஒவ்வொரு கையிலும் சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறை வைத்துக் கட்ட வேண்டிய தொகைகள் பிளைண்ட்; அவற்றில் பெரியது பிக் பிளைண்ட். நன்றாக ஆடுகிறவர் 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கிறார் என்று வைப்போம். அது மதிக்கத்தக்க வேகம். ஆனால் அதே 100 கையில் ஏற்ற இறக்கம் 90 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும். 10,000 கை ஆடி முடித்தாலும், இந்த நல்ல ஆட்டக்காரர் நஷ்டத்தில் நிற்பதற்குப் பத்துக்கு மூன்று வாய்ப்பு உண்டு. நண்பர்கள் வீட்டில் சீட்டைக் கலைத்துப் போட்டு ஆடினால் மணிக்கு 25 கையே அதிகம். சனிக்கிழமைதோறும் நான்கு மணி நேரம் என்றால் 10,000 கைக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். 5, 10 ரூபாய் பிளைண்ட் மேசையில் அந்த இரண்டு வருடத்துக்கு அவருடைய எதிர்பார்ப்பு வரவு 5,000 ரூபாய். மணிக்கு 12, 13 ரூபாய். எதிராளிகள் பலவீனமானவர்கள், வேகம் இரட்டிப்பு என்று வைத்தாலும் மணிக்கு 25 ரூபாய்தான். "போக்கரில் எனக்கு வரவுதான்" என்று சொல்லும் யாரையும் முதலில் நோட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். தேதி, எத்தனை பை-இன் (மேசையில் உட்காரக் கட்டிய தொகை), எத்தனை ரீ-பை (தோற்ற பிறகு மறுபடி கட்டியது), கையில் எடுத்து எழுந்த தொகை, எத்தனை மணி நேரம் என்று ஐந்து பத்தி இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கடைசியாக வாங்கிய சிப்ஸிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். நடுவில் இரண்டு முறை ரீ-பை செய்தது நினைவில் இருக்காது.

இதெல்லாம் கமிஷன் எடுக்காத மேசையில். கேசினோவில் ரேக் என்று ஒன்று பிடிக்கிறார்கள். பாட்டில் 5 சதவீதம், சராசரி பாட் 400 ரூபாய், மணிக்கு 25 கை என்று வைத்தால் மணிக்கு 500 ரூபாய் மேசையை விட்டே போய்விடும். எட்டுப் பேர் தலைக்கு 2,000 வைத்து உட்கார்ந்தால் மேசையில் 16,000 ரூபாய். ஆறு மணி நேரத்தில் அதில் 3,000 காணாமல் போயிருக்கும். யாரும் யாரையும்விடச் சிறப்பாக ஆடாவிட்டால் எட்டுப் பேரும் 375 ரூபாய் நஷ்டத்தோடு எழுவார்கள். தமிழ்நாட்டில் நண்பர் வீட்டு ஆட்டத்தில் இடம் தருபவர் இப்படி ஒரு பங்கு எடுக்க ஆரம்பித்தால் கணக்கு மட்டுமல்ல, சட்டமும் மாறும். ஆதாயத்துக்காகச் சீட்டாட்ட இடம் நடத்துவதைத்தான் 1930ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்ட விடுதி என்கிறது.

இனி பங்குச் சந்தையின் முதல் அறை. போக்கர் மேசையில் ஒருவர் ஜெயித்தது இன்னொருவர் தோற்றது. பங்கில் அப்படி இல்லை. கம்பெனி சோப்பு விற்று, சிமென்ட் விற்று, கடன் கொடுத்துச் சம்பாதிக்கிறது, அந்த லாபத்தில் உங்களுக்கும் ஒரு துளி சேர்கிறது. போக்கர் ஆடுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால், சந்தையில் பிளைண்ட் கிடையாது. ஒன்பது பேர் மேசையில் 5, 10 பிளைண்ட் என்றால், ஒரு கையும் ஆடாமல் சும்மா உட்கார்ந்தாலே மணிக்கு சுமார் 42 ரூபாய் கரையும். நிஃப்டி குறியீட்டில் உள்ள 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டில் சும்மா உட்கார்ந்திருக்க ஆகும் செலவு, முகவர் இல்லாமல் நேராக வாங்கும் டைரக்ட் பிளானில், ஆண்டுக்கு நூறு ரூபாய்க்கு 20 காசு அளவில்தான்.

மாதாமாதம் ஃபண்டில் தவணையாகக் கட்டுவதுதான் எஸ்ஐபி. மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி, பத்து வருடம். கட்டுவது 6 லட்சம். ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் சுமார் 9.2 லட்சம், 12 சதவீதம் என்றால் சுமார் 11.6 லட்சம். இது உத்தரவாதம் இல்லை, இடையில் வயிற்றைக் கலக்கும் வீழ்ச்சிகள் வரும். 2008 ஜனவரியில் 20,800ஐத் தாண்டி நின்ற சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,200க்குக் கீழே இறங்கியது. பழைய உச்சிக்கு வர 2010 நவம்பர் ஆனது. 2020இல் நிஃப்டி 12,360லிருந்து 7,610க்கு இறங்க இரண்டே மாதம் போதுமானதாக இருந்தது, திரும்ப ஏற அந்த ஆண்டு நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் பணத்துக்கு நெருக்கடி இல்லாதவர்களால்தான் உட்கார்ந்திருக்க முடிந்தது. அதனால் ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கியில் தனியாகச் சேரும்வரை எஸ்ஐபி தொடங்குவதில் அவசரம் காட்ட வேண்டாம். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை அடைப்பதே முதல் முதலீடு. மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. எந்த ஃபண்டும் அதை ஈடு செய்யாது.

நிஃப்டி, சென்செக்ஸ் போன்ற குறியீட்டுக்குப் பொருந்தும் பொறுமை தனிப் பங்குக்குப் பொருந்தாது. விழுந்த பங்கை மேலும் வாங்கி ஆவரேஜ் செய்வது, தோற்ற கையைத் துரத்துவது போன்றதுதான். 2018 ஆகஸ்டில் 400 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த எஸ் பேங்க் பங்கு 2020 மார்ச்சில் 20 ரூபாய்க்குக் கீழே போனது. வீட்டுக் கடன் நிறுவனமான டிஹெச்எஃப்எல் 2021இல் சந்தைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை.

இப்போது இரண்டாவது அறை. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் போக்கர்க்காரர்களின் பணம் இங்கேதான் கரைகிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களில்) வியாபாரம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள். செலவுகளையும் சேர்த்துச் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் ரூபாய். மூன்றாண்டில் மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம் பேர்தான். தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் நால்வரில் மூவருக்கு மேல் விலகாமல் தொடர்ந்தார்கள். 2024-25இலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டமே. அந்த ஒரே ஆண்டில் 1,05,603 கோடி ரூபாய்.

எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பதையும் செபியின் அந்த 2024 ஆய்வு சொல்கிறது. 2023-24இல் செலவுகளுக்கு முன்பே தனிநபர்கள் 61,000 கோடிக்கு மேல் இழந்தார்கள். சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் எடுத்தார்கள். அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி நிரல் போட்டுச் செய்த வியாபாரத்தில் வந்தது. போக்கர் தெரிந்த எவரும் மேசையில் பலவீனமான ஆள் யார் என்று முதலில் பார்ப்பார். இந்த மேசையில் அது கைபேசியில் ஆப்ஷன் வாங்குகிறவர்தான்.

கமிஷனும் இங்கே அதிகம். செவ்வாய்க்கிழமை, நிஃப்டி எக்ஸ்பைரி நாள், மதியம் இரண்டு மணி. நிஃப்டி ஏறும் என்று நம்பி வாங்கும் ஒரு கால் ஆப்ஷனின் விலை 8 ரூபாய், ஒரே கட்டாக வாங்க வேண்டிய லாட்டுக்கு 65 என்று வைத்தால் 520 ரூபாய். "ஐநூறு ரூபாய்தானே" என்று வாங்குகிறார்கள். 9 ரூபாய்க்கு விற்றால் 65 ரூபாய் லாபம் என்று திரை பச்சையில் காட்டும். வாங்க 20, விற்க 20 தரகு. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 7.20; எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 48 ரூபாய்க்கு மேல் போகும். மிச்சம் 16 ரூபாய் சொச்சம். போட்ட 520க்கு 9 சதவீதத்துக்கு மேல் செலவு. கேசினோ மேசையின் 5 சதவீதத்தைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் இது திரையில் தெரியாமல் இரவு வரும் கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கிறது. நிஃப்டி ஏறாவிட்டால் மூன்றரை மணிக்கு அந்த 8 ரூபாய் பூஜ்யம். அன்றைக்குள் அதை மீட்க அடுத்த லாட், அதற்கு அடுத்த லாட். போக்கரில் டில்ட் என்பார்கள். இங்கே அதற்கு ரிவெஞ்ச் டிரேடிங் என்று பெயர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய்க்குப் பங்கை டெலிவரியில், அதாவது கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ள, வாங்கினால் எஸ்டிடி 10 ரூபாய், முத்திரைக் கட்டணம் ஒன்றரை ரூபாய். விற்கும்போது மறுபடி 10 ரூபாய் அளவில் எஸ்டிடி, பங்குகளை வைத்திருக்கும் டிமேட் கணக்குக்கான கட்டணம் தரகரைப் பொறுத்துச் சில ரூபாய். பல வருடத்துக்கு ஒரு முறை செய்வதென்றால் இது செலவே இல்லை. அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயில் தரகும் கட்டணமும் ஒவ்வொரு முறையும் விழும். அங்கே பத்தில் ஏழு பேர் நஷ்டப்படுகிறார்கள் என்பதும் செபியின் கணக்குதான்.

வருமான வரியில் வித்தியாசம் இன்னும் கூர்மை. சீட்டாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு நேராக 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. செலவைக் கழிக்க முடியாது, தோற்றதையும் கழிக்க முடியாது. கேசினோவில் ஓர் இரவு 20,000 ஜெயித்து மறு இரவு 25,000 தோற்றால் கையில் 5,000 நஷ்டம். ஆனாலும் 20,000க்கு 6,240 ரூபாய் வரி. பங்கை ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். நஷ்டத்தை எட்டு ஆண்டு வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட வேண்டும். எஃப் அண்ட் ஓ வரவும் நஷ்டமும் தொழில் கணக்கில் வரும். ஐடிஆர்-3 என்ற வருமான வரிப் படிவம் போட வேண்டும். நஷ்டம்தானே என்று சம்பளத்துக்கு மட்டும் சாதாரணப் படிவம் போட்டுவிட்டு, பிறகு நோட்டீஸ் வந்து தவிப்பவர்கள் பலர்.

அப்படியானால் அந்த வாசகர் என்ன செய்யலாம்? போக்கரை அடியோடு விடு என்று சொல்லமாட்டேன். நண்பர்களோடு கமிஷன் இல்லாமல் ஆடுவது நல்ல பொழுதுபோக்கு, மூளைக்கும் வேலை. அதைச் சினிமா டிக்கெட் போல, கிரிக்கெட் மட்டை போல, செலவாக எழுத வேண்டும். 5,000த்தில் 4,000 ஃபண்டுக்கு, 1,000 சீட்டுக்கு என்று பிரிக்கலாம். முதல் தேதி சம்பளம் என்றால் எஸ்ஐபி தேதியை 3 என்று வைத்தால், மாதக் கடைசியில் கணக்கு காலியாகி எஸ்ஐபி தவணை பணமில்லாமல் திரும்பாது. திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி சில நூறு ரூபாய் அபராதம் பிடிக்கும். சீட்டுக்கான 1,000 வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும், அந்தக் கணக்கில் மட்டும் யுபிஐ இருக்கட்டும். ஒரு இரவுக்கு இரண்டு பை-இன், அதோடு எழுந்துவிடுவது. 500 ரூபாய் பை-இன்னுக்கு மேற்பட்ட மேசை அவருக்கு இல்லை. அந்த மாதக் காசு தீர்ந்தால் அடுத்த மாதம்தான். ஜெயித்தது சேர்ந்து 20 பை-இன் ஆனால் மட்டும் பெரிய பிளைண்டைப் பற்றி யோசிக்கலாம்.

பங்கு லாபத்தில் போக்கர் ஆடலாமே என்றும் சிலர் கேட்பார்கள். டிவிடெண்டில் ஆடினால் முதல் கரையாது என்பது உண்மை. ஆனால் டிவிடெண்ட் ஆண்டுக்கு ஒன்றேகால் சதவீதம் என்று வைத்தால், மாதம் 1,000 ரூபாய் சீட்டுக் காசுக்கு 9.6 லட்சம் ரூபாய் பங்கு வேண்டும். அவ்வளவு சேரும்வரை ஃபண்ட் யூனிட்டை விற்று மேசைக்கு எடுத்துப் போவது, வளரும் கன்றை வெட்டி அடுப்பெரிப்பது. அதுவும் சந்தை விழுந்த மாதத்தில் விற்க நேர்ந்தால், மேலே சொன்ன பத்து வருடக் கணக்கே உடைந்துபோகும்.

டிமேட் தொடங்கும்போது எஃப் அண்ட் ஓ பகுதியைத் திறக்கவே வேண்டாம். அதற்குச் சம்பளச் சீட்டோ ஆறு மாத வங்கி அறிக்கையோ தனியாகக் கேட்பார்கள். கொடுக்காமல் விட்டால் போதும். ஏற்கனவே திறந்திருந்தால் பல தரகர்களின் செயலியில் அந்தப் பகுதியை நிறுத்திவைக்கும் கில் ஸ்விட்ச் இருக்கிறது. டெலிகிராமில் "ஷ்யூர் ஷாட் கால்" தருகிறவர் யாராக இருந்தாலும், செபி பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது.

கடன் வாங்கி ஆடுகிறவர், வீட்டில் மறைக்கிறவர், தோற்றதை மீட்க நடு இரவில் எழுந்து போனை எடுக்கிறவர், இவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் உதவாது. மத்திய அரசின் டெலி மானஸ், 14416. எந்த நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் அழைத்தாலும் பேசுவார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் வணிகப் பக்கத்தில் ஆப்ஷன் உத்திகளும் எஸ்ஐபி பற்றிய கட்டுரைகளும் "முதலீடு" என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. ஆப்ஷனுக்குத் தனித் தலைப்பு கொடுங்கள், செபியின் அந்த நஷ்டக் கணக்கை ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு வரியாக அச்சிடுங்கள். கேள்வி கேட்ட வாசகருக்கும், அவர் எந்த அறையைப் பற்றிக் கேட்டார் என்று விசாரித்து, இன்னொரு முறை பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.